குடம், குக்கர், இஸ்திரிப் பெட்டி: என் அக்ரிலிக் படங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி உறையூரில் இருக்கிறேன். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுச் சாமான்களை அக்ரிலிக்கில் வரைகிறேன். ஆறு வருஷமாக இது நடக்கிறது. கூடத்துச் சுவரில் இடம் தீர்ந்து மாடிப்படி ஓரமாகவும் மாட்ட ஆரம்பித்த பிறகு, வீட்டுக்கு வருகிறவர்கள் காபி ஆறுவதற்குள் நாலு கேள்வியாவது கேட்டுவிடுகிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, சில பதில்களில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் உட்கார்ந்து யோசித்து எழுதி வைக்கிறேன்.

எங்கே படித்தீர்கள்? ஓவியக் கல்லூரியா?

எங்கும் படிக்கவில்லை. பள்ளியில் ட்ராயிங் மாஸ்டர் கரும்பலகையில் ஒரு மாம்பழம் போடுவார். நாங்கள் நாற்பது பேரும் பலகையைப் பார்த்து மாம்பழம் போடுவோம். பள்ளிக்கூட வாசலிலேயே கூடையில் மாம்பழம் விற்றுக்கொண்டிருப்பார்கள். அதில் ஒன்றை வாங்கி மேஜையில் வைத்து, இதைப் பார்த்து வரை என்று யாரும் சொன்னதில்லை.

அப்புறம் வணிகவியல், வேலை, கல்யாணம். நாற்பத்தொரு வயதில், மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கு வாங்கிய அக்ரிலிக் பெட்டியில் பாதி மிச்சம் இருந்தது. காய்ந்து வீணாகுமே என்று ஓர் அட்டையில் எடுத்துத் தடவினேன். முதலில் வரைந்தது அடுப்பு மேடையில் இருந்த உப்பு ஜாடி. படத்தில் ஜாடி சாய்ந்து விழப்போகிற மாதிரி இருந்தது. ஆனால் மூடியில் விழுந்த வெளிச்சம் மட்டும் எப்படியோ சரியாக வந்திருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவுதான் அந்த இடம். அதற்காகத்தான் அடுத்த படம் போட்டேன்.

போயும் போயும் குடத்தையும் செருப்பையும் ஏன் வரைகிறீர்கள்? சாமி படம், இயற்கைக் காட்சி என்று எவ்வளவோ இருக்கிறதே?

இதை முதலில் கேட்டது அம்மா. "ஏன்டி, வரைய வேற ஒண்ணுமே கிடைக்கலையா?" என்றாள். நான் வரைந்துகொண்டிருந்தது அவளுடைய ஹவாய் செருப்பு. அவளுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது.

இயற்கைக் காட்சியும் போட்டுப் பார்த்தேன். காலண்டரில் இருந்த மலைக்கோட்டை, பின்னால் சூரியன் இறங்குகிறது, வானம் முழுக்க ஆரஞ்சு. பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். மறுநாள் சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது நிஜ மலைக்கோட்டை நின்றுகொண்டிருந்தது. பாறை சாம்பலும் கொஞ்சம் ஊதாவுமாக இருந்தது. ஆரஞ்சு எங்கேயும் இல்லை. இருபது வருஷமாகத் தினமும் கண்ணில் படுகிற மலையின் நிறம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உப்பு ஜாடியில் அந்தச் சங்கடம் வரவில்லை. அதை நான் பார்த்துதான் போட்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சித்தன்னவாசலுக்குப் போய்விடலாம். சமணர் குடைவரை. அதன் விதானத்தில், கிட்டத்தட்ட 9ஆம் நூற்றாண்டில், ஒரு தாமரைக்குளத்தை வரைந்திருக்கிறார்கள். மீன், எருமை, யானை, வாத்து, பூப்பறிக்க இறங்கிய ஆட்கள். அதற்குச் சமய விளக்கம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் தாமரைத் தண்டு தண்ணீருக்குமேல் எப்படி வளையும், மொட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்த ஓவியர் ஏதோ ஒரு குளத்தங்கரையில் நின்று பார்த்திருக்கிறார். அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

சாமி படம் போடுவதற்குத் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் முறையாகப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையில் நான் ஏன் கை வைக்க வேண்டும்?

ஏன் அக்ரிலிக்? ஆயில்தானே ஒசத்தி?

ஆயிலில் அழகு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் படங்களுக்கு முன்னால் நின்றால் அந்தப் பட்டுப்புடவையின் ஆழம் வேறெதிலும் வராது என்று தோன்றும். ஆனால் எனக்குத் தனி அறை கிடையாது. சாப்பாட்டு மேஜையில் வரைகிறேன். எட்டு மணிக்கு மேஜையைக் காலி செய்யவேண்டும். டர்பன்டைன் வாசனை அடித்தால் சாம்பார் யாருக்கும் இறங்காது. ஆயில் தொட்டுப் பார்க்கும்படி காய்வதற்கே நாட்கள் ஆகும். அக்ரிலிக் தட்டு எடுத்து வைப்பதற்குள் காய்ந்துவிடும்.

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் குடும்பத்துப் பாலிமர். மிகச் சின்னத் துகள்களாகத் தண்ணீரில் கலந்து மிதக்கும், பால் மாதிரி. அதில் நிறப்பொடியைச் சேர்த்தால் பெயிண்ட். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. தரையில் சிந்தியதை உடனே துடைத்தால் போய்விடும், அரை மணி கழித்துத் துடைத்தால் வராது. என் நைட்டிகள் நாலைந்து சாட்சி.

வயதில் இது சின்னப் பிள்ளை. ஓவியர்களுக்கென்று தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை 1955இல் அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். ஆயிலுக்கு ஐந்நூறு வருஷத்துக்குமேல் அனுபவம் இருக்கிறது, இதற்கு எழுபதுதான். என் படங்கள் அவ்வளவு நாள் இருக்குமா என்று கேட்காதீர்கள். இருக்கவேண்டுமா என்பதும் ஒரு கேள்வி.

எத்தனை நிறங்கள் வாங்கவேண்டும்?

இருபத்துநாலு நிறப் பெட்டி பார்க்க ஆசையாக இருக்கும். வாங்காதீர்கள். நான் எட்டு டியூப்தான் வைத்திருக்கிறேன்: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், எல்லோ ஓக்கர், நாஃப்தால் சிவப்பு, மெஜந்தா, அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா. வெள்ளை மட்டும் பெரிய டியூப். மற்ற ஏழும் சேர்ந்து தீருவதற்குள் அது ஒன்று தீரும்.

பெயர்கள் அந்நியமாக இருந்தாலும் சரக்கு நமக்குப் பழக்கமானதுதான். எல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் இரும்புத் துரு கலந்த மண். கோவில் சுவரில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடிப்பார்களே, அந்தக் காவியின் பங்காளிகள். அல்ட்ராமரின் இன்னும் நெருக்கம். சொட்டு நீலம் வருவதற்கு முன்னால் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப்பொடி இருந்ததே, அதில் இருந்ததும் இதே அல்ட்ராமரின்தான். டியூபை முதன்முதலாகத் திறந்தபோது ஆயாவின் துணி ஊறவைத்த வாளி ஞாபகத்துக்கு வந்தது.

தாலோ நீலத்திடம் ஜாக்கிரதை. கடுகளவு போட்டாலே மொத்தக் கலவையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வெள்ளையில் நீலத்தைச் சேருங்கள். நீலத்தில் வெள்ளையைச் சேர்க்கப் போனால் வெள்ளை டியூப் காலியாகும்.

கறுப்பு இல்லையே?

அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒன்று வரும். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த கறுப்பு, சியன்னா தூக்கலாக இருந்தால் இரும்பு தோசைக்கல்லின் கறுப்பு. வெள்ளை சேர்த்தால் விதவிதமான சாம்பல். டியூப் கறுப்பை வைத்து நிழல் போட்டால் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி தெரிகிறது. மற்றவர்களுக்கு அப்படித் தெரியாமலும் இருக்கலாம்.

எந்த பிராண்ட் நல்லது?

ஆரம்பத்தில் கேம்லின், ஃபெவிக்ரில் எதுவும் போதும். எல்லா ஊரிலும் கிடைக்கிறது. துணியில் வரையும் ஃபேப்ரிக் கலரும் அக்ரிலிக்தான், ஆனால் துணியோடு மடங்கவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் இளகலாகச் செய்திருப்பார்கள். பழகுவதற்குத் தாராளமாக ஆகும். டியூப் மேல் ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். 'காட்மியம் ரெட் ஹ்யூ' என்று 'ஹ்யூ' சேர்த்துப் போட்டிருந்தால் உள்ளே காட்மியம் இல்லை, அதே சாயலில் வேறு நிறப்பொடி. ஏமாற்று வேலை கிடையாது. காட்மியம் விஷத்தன்மை உள்ளது, விலையும் அதிகம். எனக்கு ஹ்யூ போதும்.

எவர்சில்வர் பாத்திரம் அப்படியே பளபளக்கிறதே, சில்வர் பெயிண்டா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நான் சொல்ல ஆசைப்படும் பதிலும் இதுதான், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்வர் பெயிண்ட் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதைத் தடவினால் தகரக் கதவு மாதிரி இருக்கும். எவர்சில்வருக்கென்று சொந்த நிறம் ஏதும் கிடையாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டுச் சொம்புகள் ஆயின. முதல் சொம்பைச் சாம்பலில் போட்டு, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு இழுத்தேன். சிமென்ட் தொட்டி வந்தது. அப்புறம் ஒருநாள் ஜன்னலோரத்தில் சொம்பை வைத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பிரஷைத் தொடாமல் பத்து நிமிஷம் பார்த்தேன். சொம்பின் இடப்பக்கம் ஒரு வெளிர்நீலப் பட்டை: ஜன்னல். அதற்குள்ளே வளைந்த கறுப்புக் கோடுகள்: ஜன்னல் கம்பி. வலப்பக்கம் கரும்பழுப்பு: உள்ளறை வாசல். அடிவயிற்றில் மங்கிய சிவப்பு: எங்கள் வீட்டு ரெட் ஆக்சைடு தரை. நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மஞ்சள் உருவம். நான்தான், மஞ்சள் நைட்டியில்.

அன்றைக்குச் சொம்பை மறந்துவிட்டு இந்தப் பட்டைகளை மட்டும் போட்டேன். எங்கே விளிம்பு கூர்மையோ அங்கே கூர்மையாக, எங்கே கரைகிறதோ அங்கே ஈர பிரஷால் கரைத்து. அரைமணியில் எவர்சில்வர் வந்துவிட்டது. கடைசியாக வாயின் ஓரத்தில் சுத்த வெள்ளையில் ஒரே புள்ளி. அந்த வெள்ளையை முதலிலேயே அங்கங்கே தெளித்துவிட்டால் கடைசியில் கண்ணைப் பறிக்க ஒன்றும் மிஞ்சாது.

நம் பாத்திரங்களில் இன்னொரு விசேஷம், பெயர் வெட்டியிருக்கும். கடையில் புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுப்பார்களே, அது. அம்மாவின் கல்யாணத் தூக்கில் தாத்தாவின் பெயரும் தேதியும் இருக்கின்றன, பாதி தேய்ந்து. அதைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். கறும்புள்ளி, அதன் கீழ் விளிம்பில் மயிரிழை வெளிச்சம். அம்மா அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். "தேதி தப்பா வெட்டிட்டான், அன்னிக்கே சண்டை" என்றாள். ஹவாய் செருப்பு விவகாரம் அத்தோடு சமாதானமானது.

சொம்பு, டம்ளர் எல்லாம் எனக்குக் கோணலாகவே வருகிறதே?

இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். ஒன்று, வாயின் இரு ஓரங்களையும் வாழையிலை நுனி மாதிரி கூராக்கிவிடுவோம். வட்டத்தைச் சாய்த்துப் பார்த்தாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும். இரண்டாவது, பாத்திரம் மேஜையில் உட்காரவேண்டும் என்று அடியை நேர்கோடாக இழுத்துவிடுவோம். கண்ணுக்குக் கீழே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு வட்டம் விரிந்து தெரியும். ஆகவே டம்ளரின் அடி வாயைவிடக் கூடுதலாக வளைந்திருக்கவேண்டும். ஒரு டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்து மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும்.

பிளாஸ்டிக் குடத்தின் அந்த ரோஸ் நிறம் எப்படி வந்தது?

வரவில்லை, அதுதான் உண்மை. குடத்தின் ரோஸ், டியூபில் அடங்காத ரோஸ். ஒளிரும் ஃப்ளோரசன்ட் பெயிண்ட் வாங்கிப் போடலாம், ஆனால் அது வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறிவிடும். அதனால் குடத்தை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தில் வேலை செய்தேன். பின்னால் இருந்த சுவர் நிஜத்தில் வெள்ளை. நான் அதைப் பாசி பிடித்த மாதிரி பச்சைச் சாம்பலாக்கினேன். மெஜந்தாவும் வெள்ளையும் கலந்த சாதாரண ரோஸ், பச்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் கத்த ஆரம்பித்துவிட்டது. தெருக்குழாயடியில் எட்டுக் குடம் வரிசையில் நிற்கும் படத்திலும் இதே வித்தைதான்.

நம் வெயிலில் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது. என்ன செய்ய?

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். திருச்சியில் ஏப்ரல், மே மாதத்தில் இதைச் சொல்கிறவளுக்கு எவ்வளவு கல்நெஞ்சு என்று நினைப்பீர்கள். நான் ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஈரத்தட்டு. மூடியுள்ள டிபன் டப்பா ஒன்றை எடுத்து, அடியில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியை மடித்துப் பரப்புங்கள். அதன்மேல் கேக் செய்யும்போது தட்டில் போடுகிற பேக்கிங் பேப்பர். பெயிண்டை அந்தத் தாள்மேல் வையுங்கள். கீழிருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் மூடியைப் போட்டு வைத்தால் மறுநாளும் பிசையலாம். நாலு நாளுக்குமேல் வைத்தால் துணி நாறும். ஒருமுறை வேட்டித்துணியில் பூஞ்சை பூத்திருந்தது.

காய்வதைத் தாமதப்படுத்த ரிடார்டர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். அளவு மீறினால் படம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். எனக்கு ஒத்துவரவில்லை.

போடும்போது சரியாக இருந்த நிறம், காய்ந்ததும் கருத்துப்போகிறதே?

போகும். பாலிமர் ஈரமாக இருக்கும்போது வெண்மையாக இருக்கிறது, அது நிறத்தை வெளிறக் காட்டும். காய்ந்ததும் கண்ணாடியாகிவிடுவதால் நிஜ நிறம் தெரியும். கலந்த நிறத்தைப் படத்தின் ஓரத்தில் ஒரு தீற்று தீற்றிக் காயவிட்டுப் பாருங்கள். வெயில் காலத்தில் இரண்டு நிமிஷம்.

கேன்வாஸ் கட்டாயமா?

இல்லை. என் படங்களில் பாதிக்குமேல் எம்.டி.எஃப் பலகைதான். தச்சுப் பட்டறையில் மிச்சத் துண்டுகள் கிடைக்கும், கேட்ட அளவில் அறுத்தும் கொடுப்பார்கள். லேசாக உப்புத்தாள் தேய்த்து, ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு. ஜெஸ்ஸோ என்பது சுண்ணாம்புப் பொடியும் வெள்ளை நிறப்பொடியும் அக்ரிலிக்கும் சேர்ந்த அடிப்பூச்சு. பெயிண்ட் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்புத் தரும். முன்பக்கம் மட்டும் பூசினால் ஐப்பசி மழையில் பலகை அப்பளம் மாதிரி வளையும். பின்பக்கத்துக்கும் விளிம்புக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.

ஃபோட்டோ பார்த்து வரைகிறீர்களா?

தெருவில் நிற்கிற வண்டி, மாடு என்றால் வேறு வழியில்லை. வீட்டுச் சாமானை எதிரில் வைத்துத்தான் வரைகிறேன். ஃபோன் கேமரா நிழலை மொத்தமாகக் கறுப்பாக்கிவிடும், வெளிச்சத்தை மொத்தமாக வெள்ளையாக்கிவிடும், நடுவில் இருப்பதுதான் எனக்கு வேண்டியது.

எதிரில் வைத்து வரைவதில் தொல்லை இல்லாமல் இல்லை. கத்தரிக்காய் மூன்றாம் நாள் சுருங்கும். வாழைப்பழத்தில் நான் வரைய வரையப் புள்ளி ஏறிக்கொண்டே போனது. நானும் விடாமல் புள்ளி வைத்தேன். கடைசியில் படத்தில் இருப்பது எந்தக் கிழமைப் பழம் என்று எனக்கே தெரியாது. காய்கறிக்கு ஒரே நாள், பாத்திரத்துக்கு எத்தனை நாளானாலும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அதிலும் குக்கர் படம் பாதியில் நிற்கிறது. பருப்பு வேகவேண்டும் என்று அம்மா எடுத்துப்போனாள், திரும்பி வந்தபோது பக்கவாட்டில் மஞ்சள் பொங்கி வழிந்த தடம். அதையும் சேர்த்துப் போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை.

மனிதர்களே இல்லையே?

தைரியம் போதாததுதான் காரணம். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம், "உங்களை வரையட்டுமாண்ணே?" என்று கேட்டேன். "என்னை எதுக்கும்மா, பெட்டியை வேணா வரைஞ்சுக்கோங்க" என்றார். சரி என்று கரிப்பெட்டியை வரைந்தேன். மூடி திறந்திருக்கும், சாம்பலுக்கு நடுவில் கங்கு. அந்தக் கங்குக்கு நாஃப்தால் சிவப்பும் லெமன் மஞ்சளும்தான். சுற்றிலும் உள்ள சாம்பலை நீலம் தூக்கலாகக் கலந்ததால் கங்கு சுடுகிற மாதிரி தெரிகிறது. படத்தை எடுத்துப்போய்க் காட்டினேன். பிடி மட்டும் தவறு என்றார். மரப்பிடியின் எந்த இடத்தில் கை பட்டுப்பட்டுத் தேய்ந்திருக்கும் என்று விரல் வைத்துக் காட்டினார். திருத்திவிட்டேன்.

முகம் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று மட்டும். சில பெட்டிகளில் 'ஃப்ளெஷ் டின்ட்' என்று ஒரு டியூப் வரும். வெளிர் ரோஸாக இருக்கும். எங்கள் தெருவில் ஒருவருக்கும் அந்த நிறம் கிடையாது. பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், துளி அல்ட்ராமரின், வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளை. இந்த நாலில் எங்கள் வீட்டு ஐந்து பேரின் கையும் வந்துவிட்டது. ஆம், கைகள் வரைய ஆரம்பித்திருக்கிறேன்.

ஃபோனில் ஃபில்டர் போட்டால் இதே மாதிரி ஒரு நொடியில் வந்துவிடுமே?

வரும். என் மகளே செய்து காட்டினாள், நன்றாக இருந்தது. எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வேண்டியிருக்கிறது, அதை எந்த ஃபில்டரும் தரவில்லை.

கெட்டுப்போன படம் உண்டா?

நிறைய. வலிக்கிற ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பதற்காக எல்லாப் படங்களையும் இறக்கினோம். தூசி படக்கூடாது என்று இரண்டிரண்டாக முகத்தோடு முகம் வைத்துக் கட்டி அலமாரி மேல் வைத்தேன். மே மாதம். பத்து நாள் கழித்துப் பிரித்தால், மாங்காய் படமும் அரிவாள்மனை படமும் பிரியமாட்டேன் என்றன. இழுத்தேன். மாங்காயின் பாதிப் பச்சை அரிவாள்மனைக்குப் போய்விட்டது.

அக்ரிலிக் படலம் எத்தனை காய்ந்தாலும் சூட்டில் கொஞ்சம் இளகும். மேலே பாரம் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் படத்தின்மேல் நேரடியாகச் சுற்றினாலும் குமிழின் அச்சு விழும். நடுவில் பேக்கிங் பேப்பர் வைத்து, படுக்கப்போடாமல் நிற்கவையுங்கள். ஃப்ரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. ஒரு கடையில் இதைச் சொல்லியும் அழுத்தி ஒட்டிக் கொடுத்தார்கள். முருங்கைக்காய் இன்றைக்கும் கண்ணாடியோடுதான் இருக்கிறது, பிரிக்கப் பயம்.

வார்னிஷ் அடிக்கவேண்டுமா?

தூசி அதிகமுள்ள தெரு என்றால் அடிக்கலாம். அடுப்பங்கரைப் பக்கம் மாட்டுகிற படத்துக்குக் கட்டாயம் அடிக்கவேண்டும், எண்ணெய்ப்புகை படியும். தடிமனாகப் பூசிய படம் மேலே காய்ந்தாலும் உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பொறுக்கவேண்டும். மழைநாளில் அடித்தால் சிலசமயம் பால் படர்ந்த மாதிரி மங்கிவிடுகிறது.

பிரஷ், கழுவிய தண்ணீர்?

நைலான் பிரஷ் போதும். தண்ணீர்க் குவளையில் நிற்கவைத்துவிட்டுப் போனால் முடி வளைந்து, பிடியும் வீங்கும். குளியல் சோப்பைத் தேய்த்து உள்ளங்கையில் சுழற்றிக் கழுவுங்கள். காய்ந்துவிட்ட பிரஷைக் கரப்பான் அடிக்க வைத்துக்கொள்ளலாம்.

கழுவிய தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் வேண்டாம். அதில் இருப்பது பிளாஸ்டிக். பிரஷைக் கழுவுவதற்கு முன் பழந்துணியில் நன்றாகத் துடைத்தாலே பெரும்பகுதி போய்விடும். மிச்சத் தண்ணீரை ஒரு பழைய வாளியில் மொட்டை மாடியில் வைக்கிறேன். வெயில் இழுத்துக்கொள்ளும். அடியில் தங்கும் தோலை உரித்துக் குப்பையில் போடுவேன். நம் வெயிலால் ஆகும் உருப்படியான காரியங்களில் இது ஒன்று.

விற்பீர்களா?

இரண்டு விற்றிருக்கிறேன், இரண்டும் அலுவலகத் தோழிகளுக்கு, பெயிண்ட் செலவுக்கு. ஆர்டர் எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்தேன், அவர்கள் வீட்டுப் புது மிக்சியை வரையச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த மிக்சியில் ஒரு கீறல்கூட இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பார்த்துக் கற்றுக்கொள்ள யாருடைய படங்களைச் சொல்வீர்கள்?

மனோகர் தேவதாஸ். மதுரையின் தெருக்களையும் வீடுகளையும் கோட்டோவியங்களாக வரைந்தவர். விழித்திரை நோயால் பார்வை குறைந்துகொண்டே போனபோதும் வரைந்துகொண்டிருந்தார். நிறமே இல்லாமல், கோட்டை நெருக்கியும் விலக்கியும் மட்டும் வெயிலைக் காட்டுகிறார். வெளியூரில் என்றால் இத்தாலியின் ஜார்ஜோ மொராண்டி. போலோன்யா நகரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து பல்லாண்டுகள் அதே பாட்டில்களையும் ஜாடிகளையும் இடம் மாற்றி இடம் மாற்றி வரைந்தவர். அவற்றின்மேல் படிந்த தூசியைத் துடைக்கவும் மாட்டாராம். எங்கள் வீட்டில் அது நடக்காது.

நேரில் பார்க்க, சென்னைக்குப் போகும்போது ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் தொடங்கியது. அங்கே என் மாதிரிப் படங்கள் குறைவு, பெரும்பாலும் நவீனம். பெயிண்டின் மேற்பரப்பை மூக்கு படுகிற தூரத்தில் நின்று பாருங்கள். அச்சிலும் ஃபோனிலும் அது கிடைக்காது.

அந்தப் பச்சைக் குடம் எங்கே வாங்கினீர்கள்?

படத்தைப் பார்க்க வருகிறவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் நடைபாதைக் கடையில், பத்து வருஷம் இருக்கும். இப்போது அந்தப் பச்சை வருவதில்லை, எல்லாம் ரோஸும் நீலமும்தான். போன தைக்கு அடி விரிசல் விட்டது. அம்மா வாயை அறுத்து மண் போட்டுக் கருவேப்பிலை வைத்திருக்கிறாள். இன்னும் துளிர்க்கவில்லை, துளிர்த்தால் வரையலாம் என்று இருக்கிறேன்.